கதீட்ரலில் மூன்றாவது சுற்று

12 டிசம்பர் 1979, கிட்வாய் நகர், டில்லி

கடவுளை நம்பாத நான் இன்று எதற்காகக் கதீட்ரலைச் சுற்றி வந்தேன்? எனக்குத் தெரியவில்லை.

அலுவலகம் முடிந்ததும் கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லாவுடன் கோல்டாக்கானா தபால் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கதீட்ரலுக்குப் போனேன். வெள்ளைக்காரர் காலத்தில் இத்தாலியப் பாணியில் எழுப்பியது. செங்கல் சுவரையும் உயர்ந்த வளைவுகளையும் பார்க்கத்தான் போனேன். பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"என்னப்பா, சர்ச்சுக்குப் பிரதட்சணமா?" ஸ்டெல்லா சிரித்தாள்.

"கட்டடத்தைப் பாக்கறேன்."

"அச்சா! அதுக்கு ஒரு சுத்து போதாதா? இது மூணாவது. உன் வீட்டு சாரோட தொண்டைக் கட்டிக்கு நாளைக்குத்தானே ரிசல்ட்?"

தலையசைத்தேன். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் என் கூடவே நடந்தாள்.

மறுநாள்: புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சமோசா கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.