கடையில் வாங்கிய கன்சோல் போதும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் கோபம் நியாயம்தான். நீ கம்ப்யூட்டரில் செய்த பேருந்து விளையாட்டை டிவியில் ஓட்டிப் பார்க்க, விளையாட்டு செய்பவர்களுக்கென்று எங்கள் கம்பெனி தருகிற தனி கன்சோல் பெட்டியைக் கேட்டாய். "அலுவலகம் இல்லாதவர்களுக்குத் தருவதில்லை" என்று வந்த பதிலில் என் கையெழுத்து இருந்தது. விதி அப்படி. ஆனாலும் முன்கூட்டியே ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

நேற்று அந்த விதியை எடுத்துவிட்டார்கள். கடையில் விற்கிற சாதாரண கன்சோலே போதும். உங்கள் ஹாலில் அத்தான் கார் பந்தயம் விடுகிறாரே, அதேதான். எங்கள் கம்பெனியில் பதிவு செய்தால் ஓர் எண் வரும். அதைக் கன்சோலில் போட்டுவிட்டு உன் கம்ப்யூட்டரிலிருந்து விளையாட்டை நேரே ஏற்றலாம். இதற்காகக் கூட்டத்தில் நாலு தடவை எழுந்து பேசினேன். நாலாவது தடவை மேலாளர், "சரிம்மா, பண்ணிடலாம், உக்காரு" என்றார்.

உன் தங்கை

மார்ச் 19

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்கவில்லை. அத்தான்தான் பிரித்துப் படித்துவிட்டு, "ஏய், நம்ம வீட்டுல இருக்கறதே போதுமாம்" என்று சமையலறைக்கு ஓடி வந்தார். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. வேலை இருப்பதால் தள்ளி வைத்திருக்கிறேன்.

டிவியில் என் பேருந்து வந்து நின்றபோது அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த நொடி பயணிகள் நாற்பது பேரும் வாசலில் சிக்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் ஒழுங்காக இறங்கின ஜனங்கள்தான். அத்தான் நிஜ பேருந்து ஓட்டுகிறவர் இல்லையா, "தினமும் பாக்கறதுதான், மாத்தாத" என்கிறார்.

அக்கா

ஏப்ரல் 30

தங்கச்சிக்கு,

சரியாகிவிட்டது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட, ஏறுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். டிப்போவில் பன்னிரண்டு வருடமாகக் கால அட்டவணை போடுகிறேன், அங்கே முடியாதது இங்கே முடிந்தது.

விற்க அனுமதி கேட்டு இன்று உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். நீ மட்டும் அதைத் தொடாதே. சிபாரிசில் வந்தது என்று யாரும் சொல்லக் கூடாது.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

தொடவில்லை. உறவைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். வேறு கிளையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இருங்க, இன்னும் ஒரே ஒரு ஸ்டாப்" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று விற்பனைக்கு வந்ததும் எல்லோரையும் போல நானும் வாங்கினேன். ஒன்பதாவது நிறுத்தத்தில் குடை வைத்திருக்கிற பயணி ஒருவர் இறங்கவே மாட்டேன் என்கிறார். என்னதான் செய்வது?

உன் தங்கை

மே 28

என் தங்கச்சிக்கு,

குடைக்காரரைப் பற்றிப் பதினோரு பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கும் கடிதத்தில் சொல்வதாக இல்லை.

அடுத்த மாதம் உனக்கு லீவு என்று அம்மா சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வா. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன்.

உன் அக்கா