மூன்றாவது கூப்பாடு

பிர்னோ, 4 ஜனவரி 1904

அன்புள்ள அப்பொலெனா அக்காவுக்கு,

நீ அனுப்பிய வாத்துக் கொழுப்பு வந்தது. ஜாடி உடையவில்லை.

என் ஓபராவை இங்குள்ள அரங்கு எடுத்துக்கொண்டது. நம் ஊர்க் கதை. போல்கா நடனம் இல்லை, கல்யாணக் கூட்டப்பாட்டு இல்லை. ப்ராக்கிலிருந்து வந்த ஒருவர் ஒத்திகையில் கேட்டார்: "என்னய்யா இது, சந்தைச் சண்டையையா பாடுறாங்க?" பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நம்மவர்கள் பேசும்போது குரல் ஏறி இறங்குகிறதே, அதுதான் என் மெட்டு. அதன் கீழே ஃபிடில்கள் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப இழுக்கும். "சட்டைக் கையிலகூட கிறுக்குறான் பாரு" என்று அத்தான் சிரிப்பாரே, ஊரார் பேச்சை ஸ்வரமாகக் குறித்த அந்தக் கிறுக்கல்கள்தான்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். வா.

உன் தம்பி
கிரிஷ்டோஃப்

2 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

வந்தேன். உன்னைச் சுற்றிப் பூக்களும் ஆட்களும். பேச முடியவில்லை. இளைத்துவிட்டாய். பிளம் ஜாம் அனுப்புகிறேன், ஊருக்கெல்லாம் கொடுக்காமல் நீ சாப்பிடு.

ரொட்டிக்கடை ஃப்ரன்யாவும் என்னோடு வந்தாள். முதல் அங்கம் முழுக்க ஒரே சிரிப்பு. "இது நம்ம மாட்டுத் தரகன்டி! இவன் மணியடிக்கிறவன்!" இரண்டாம் அங்கத்தில் அந்தப் பெண் ஆற்றங்கரையில் புருஷனைக் கூப்பிட்டாள். மூன்று முறை. ஃப்ரன்யா என் கையைப் பிடித்தாள். "அடியே, உன் குரல்டி இது."

என் குரல்தான்.

அன்று குளத்தில் பனிக்கட்டி வெட்டியவர்கள் சூப் குடிக்கப் போயிருந்தார்கள். நான் உன் அத்தான் மத்தோஷுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என் கண்ணெதிரே பனி உடைந்தது. நானும் அவரும் மட்டும்தான். நீ கோயிலில் ஆர்கன் வாசித்துவிட்டு வந்தபோது அவரைச் சறுக்குவண்டியில் கிடத்தியிருந்தோம். அப்படித்தான் நீ எல்லோரிடமும் சொன்னாய்.

அந்த மூன்று கூப்பாட்டையும் யாரிடம் கேட்டாய்?

உன் அக்கா
அப்பொலெனா

பிர்னோ, 19 பிப்ரவரி

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். என் நோட்டின் அந்தப் பக்கத்தையே இத்துடன் வைக்கிறேன். எப்போதும் போல நாள், நேரம், சுற்றி இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது.

மேட்டில் மரத்தடியில் நின்றிருந்தேன். புதர் மறைத்தது. குரல் மட்டும் வந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். முதல் முறை அப்படித்தான் நினைத்தேன், சத்தியம். அப்புறம் தெரிந்தது. பென்சில் கையில் இருந்தது.

ஓபராவை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். ஒரு வரி எழுது.

கிரிஷ்டோஃப்

3 மார்ச்

கிரிஷ்டோஃப்,

ஸ்வரம் எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நீ எழுதியதைப் படித்தேன்.

"ஜனவரி 14. பதினொன்றே முக்கால். குளம். அக்கா, மூன்று முறை. முதலாவது ஏறுகிறது. இரண்டாவது இன்னும் மேலே. மூன்றாவது பாதியில் உடைகிறது, அபூர்வம். என் பக்கத்தில் மரத்தில் சாய்த்த ஏணி. படிகளில் உறைபனி."

ஏணி.

நான் பனிமேல் குப்புறப் படுத்து அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தேன். பனிமேல் நீட்ட ஏணி மேட்டில் இருப்பது எனக்கும் தெரியும். காலரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

ஓபரா நடக்கட்டும். ஒரு பிழையை மட்டும் திருத்து. அந்தப் பாடகி இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாடுகிறாள். அன்று நடுவில் நான் நிறுத்தினேன். வெகுநேரம். மேட்டில் காலடியில் பனி நெரிபடும் சத்தம் கேட்டது. "ஆள் வந்தாச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அந்த இடத்தில் ஃபிடில் வேண்டாம்.

ஜாம் ஜாடியைத் திருப்பி அனுப்பாதே.

மத்தோஷின் மனைவி
அப்பொலெனா