புளியாரை மண்ணு

அக்கா, எல்லாத் தொட்டியிலயும் போட்டுட்டேன், இப்ப எடுக்கவே வரமாட்டேங்குது. நீ புளியாரைக் களையைப் பிடுங்கச் சொன்னியே, பிடுங்கினேன். வேரோட வந்த மண்ணு நல்லா கறுப்பா இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு உதறி, நாளைக்கு அனுப்பவேண்டிய ரோஜாத் தொட்டிக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை போட்டேன். அந்த மண்ணுல அரிசி அரிசியா இருந்ததெல்லாம் அதோட கிழங்காம், இப்பதான் போன்ல பார்த்தேன். ஒவ்வொண்ணும் ஒரு செடியா முளைக்குமாம். ஒரு களையை இவ்வளவு பாசமா வளர்த்தது நான் ஒருத்திதான் இருப்பேன்.

"உன்னை நம்பி ஒரு தொட்டியை விடமுடியாது"ன்னு நீ சொன்னதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

வந்ததும் சாப்பிடு, மூடி வச்சிருக்கேன். பிடுங்கின இலை ஃப்ரிட்ஜ்ல இருக்கு, புளிப்பா நல்லாதான் இருக்கு. நான் டார்ச்சோட பின்னாடி செடி நர்சரியில கிழங்கு பொறுக்கிட்டிருப்பேன்.

பி.கு. விடிஞ்சதும் ஸ்கூல் தோட்டக்காரர் ரோஜாவை எடுக்க வண்டியோட வந்துடுவார். உண்மையைச் சொன்னா உன்னோட முதல் பெரிய ஆர்டர் போயிடும். சொல்லலேன்னா அவர் தோட்டம் பூரா இதுதான் முளைக்கும். நான் அவர்கிட்ட என்னன்னு சொல்ல?