சான்றிதழில் இல்லாதது

ஆல்பனி
6 மே 2025

மதிப்பிற்குரிய புஷ்பவதி அம்மாள் அவர்களுக்கு,

சுப்பிரமணியன் வணக்கத்துடன் எழுதுவது. ஞாயிறன்று உங்கள் வீட்டில் சாப்பிட்ட நண்டுக் குழம்பின் காரம் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அப்பா ஒரு வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தேவதர்ஷினி கேலி செய்கிறாள். என் மனைவி போன பிறகு நானும் இரண்டு பெண்களுமாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டோம். மூத்தவள் ஸ்வர்ணா இரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறாள். அன்று அவளால் வர முடியவில்லை. தவறாக எண்ண வேண்டாம்.

உங்கள் மகன் யசீகரனும் என் சின்னவளும் எல்லர்ஸ்லியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் விரும்பி, பெரியவர்கள் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று நிற்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயம். நாமும் முறையாகப் பேசி முடிப்போம். போனில் பேசினால் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழுகிறது. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

மாப்பிள்ளையின் ஜாதகம் வேண்டும். அதோடு, இங்கே நீதி அமைச்சகம் கொடுக்கும் குற்றப் பதிவுச் சான்றிதழ் ஒன்றும் வாங்கி அனுப்பினால் நல்லது. தேவதர்ஷினியுடையதையும் அனுப்புகிறேன். திருநெல்வேலியில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். காகிதம் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணத்தை ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓர் ஆசை.

இப்படிக்கு,
சுப்பிரமணியன்


சான்ட்ரிங்கம்
19 மே 2025

மதிப்புக்குரிய சுப்பிரமணியன் ஐயாவுக்கு,

இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள்தான், ஆனால் சோற்றை ஒதுக்கிவிட்டு நண்டை மட்டும் சாப்பிட்டீர்கள். நானும் கவனித்தேன்.

சாதகம் இத்துடன் இருக்கிறது. சாதகத்தோடு பொலிஸ் பதிவும் கேட்ட சம்பந்தி வீட்டை நான் இப்போதுதான் காண்கிறேன். என் தங்கைக்குச் சொன்னபோது அவள் கோபித்தாள். நான் கோபிக்கவில்லை. என் கடைக்குக் கொழும்பிலிருந்து வரும் மிளகாய்த்தூளுக்கே சான்று கேட்கிறவள் நான். நீங்கள் மருமகனுக்குக் கேட்டால் பிழை என்று எப்படிச் சொல்வது?

யசீகரன் விண்ணப்பித்து எடுத்துத் தந்தான். அவன் பெயரில் குற்றத் தீர்ப்பு ஒன்றும் இல்லை என்று அதில் இருக்கிறது. சட்டப்படி அது உண்மை.

கலியாணம் திருநெல்வேலியில் என்றால் எனக்குச் சம்மதம். கடையைப் பூட்டிவிட்டு ஊர் பார்க்க எனக்கும் ஒரு சாட்டு வேண்டும். ஸ்வர்ணாவை அடுத்த முறை கட்டாயம் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
புஷ்பவதி


ஆல்பனி
25 மே 2025

மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு,

ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது. சான்றிதழும் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன். 'சட்டப்படி அது உண்மை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'உண்மை' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அன்றே நாள் பார்த்திருப்பேன். பழைய வேலையின் புத்தி, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பக்கத்து வீட்டு சந்தீப்பிடம் பொதுவாக விசாரித்தேன். ஏழு வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய வழக்கை இந்த நாட்டில் திரை போட்டு மூடிவிடுவார்கள் என்கிறான். அது அழித்துவிடுவதா, மூடிவைப்பதா? யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கிவிடலாமா? எவ்வளவு பெரிய குற்றமானாலும் மூடுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அப்படி ஏதாவது இருந்தால், சட்டம் மறைத்திருந்தாலும் நீங்கள் மறைக்காமல் எனக்குச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சுப்பிரமணியன்


சான்ட்ரிங்கம்
8 ஜூன் 2025

ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டதும் நகர மையத்துக்குப் பஸ் ஏறிப்போய் சட்டத்தரணி பிரணவியைச் சந்தித்தேன். எங்கள் கடை வாடகை ஒப்பந்தமெல்லாம் அந்தப் பிள்ளைதான் பார்ப்பது. உங்கள் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். அவ சிரித்துவிட்டா. 'சட்டம் மறைத்தாலும் பரவாயில்லை, சொல்லு' என்று அதிகாரம் இல்லாத ஒருவர் கேட்பதுதான் இங்கே குற்றமாம். அதற்குத் தண்டமும் உண்டாம். சம்பந்தம் கதைக்க வந்த மனிதர் பெயரிலேயே முதல் வழக்கு வந்துவிடும்போல் இருக்கிறது. பயப்படாதீர்கள், நான் முறைப்பாடு கொடுக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. அழிப்பதில்லை, மூடித்தான் வைக்கிறார்கள். பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அது தெரியும். வேலைக்கு எடுப்பவருக்கும் வீடு வாடகைக்குக் கொடுப்பவருக்கும் தெரியாது. மனுப் போடத் தேவையில்லை. கடைசித் தண்டனைக்குப் பிறகு ஏழு வருடம் வேறு தீர்ப்பு ஒன்றும் இல்லாமல், தண்டப்பணம் எல்லாம் கட்டி முடித்து, ஒரு நாளும் சிறைத் தண்டனை பெறாமல் இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தகாதபடி நடந்தவனுக்கு அந்தக் கதவு அநேகமாகத் திறப்பதில்லை. சில வேலைகளுக்கு மூடினதையும் திறந்து பார்ப்பார்கள். மூடப்பட்டவன், யார் கேட்டாலும், 'என் பெயரில் ஒன்றும் இல்லை' என்று சொல்லலாம். அது பொய் ஆகாது.

ஆனால் இந்தச் சட்டம் விமான நிலையம் வரைக்கும்தான் செல்லும். வேறு நாட்டு விசா விண்ணப்பத்தில் 'எந்த நாட்டிலாவது தண்டிக்கப்பட்டாயா' என்று கேட்டால் உள்ளதைத்தான் எழுத வேண்டும். இந்தியாவும் கேட்கும். எப்படியும் உங்களுக்குத் தெரிய வரும். அதைவிட, தெரியாமல் நீங்கள் பெண் தருவதை நானும் விரும்பவில்லை.

சொல்லட்டுமா என்று யசீகரனிடம் கேட்டேன். "சொல்லுங்கோ அம்மா. தர்ஷினிக்கு முதல் மாதமே சொல்லிப்போட்டன். அவவின்ர அப்பாவிட்ட நானே வந்து சொல்லத்தான் இருந்தனான். அவர் எழுத்திலதானே கேட்கிறார்" என்றான்.

நடந்தது இதுதான். அப்போது அவனுக்கு இருபது வயது. கடைக்குப் பின்னால் சாமான் ஏற்றும் எங்கள் வானை மறித்து ஒருவர் காரை விட்டிருந்தார். எடுக்கச் சொன்னான், வாய்த்தர்க்கம் வந்தது, இவன் கையை மடக்கி அவர் முகத்தில் குத்திவிட்டான். பல் ஒன்று போனது. அந்த மனிதர் இவனைத் தொடவில்லை. சாதி, நிறம் என்று ஒன்றும் சொல்லவுமில்லை. காரைத்தான் எடுக்கவில்லை. நான் காரணம் சொல்லி இதை அழகாக்க மாட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டான். குற்றத் தீர்ப்பைப் பதியாமல் விடும்படி அன்றைய சட்டத்தரணி மன்றாடினார், நீதிபதி மறுத்துவிட்டார். அந்த மனிதருக்கு நட்டஈடும், ஓடைக்கரைகளில் களை பிடுங்கும் சமூக வேலையும் விதித்தார். எல்லாம் செய்து முடித்தான். பதினொரு வருடமாக வேறு ஒன்றும் இல்லை.

அவன் நல்ல பிள்ளை என்று நான் சொன்னால், தாய் சொல்கிறாள் என்பீர்கள். ஆகவே சொல்லவில்லை.

புஷ்பவதி


ஆல்பனி
15 ஜூன் 2025

அம்மாள் அவர்களுக்கு,

நான் கேட்டது குற்றம் என்று தெரியாது. மன்னிக்கவும். நீங்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தேவதர்ஷினியிடம் கேட்டேன். ஆமா, தெரியும்ப்பா என்றாள். என் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

நானும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வர்ணா அன்று ஏன் வரவில்லை என்றால், பழக்கமில்லாத ஆண்கள் இருக்கும் வீட்டுக்கு அவள் போவதில்லை. சென்னையில் அவளைக் கட்டிக்கொடுக்கும் முன் நான் விசாரிக்காத இடம் கிடையாது. அவன் அலுவலகம், அவன் தெரு, போலீஸில் தெரிந்தவர் ஒருவர். அவன் பேரில் ஒரு சின்னப் புகார்கூட இல்லை. நான்கு வருடம் என் மகளை அடித்தான். படித்தவன், முகத்தில் அடிக்க மாட்டான். அவள் ஸ்டேஷன் படி ஏறவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குச் சுத்தமான சான்றிதழ் வரும்.

இப்போதும் காற்றில் ஒரு கதவு படாரென்று சாத்தினால், அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். அதைத் தினமும் பார்க்கிறவன் நான். கை நீட்டியவன் என்று தெரிந்த பிறகு இன்னொரு மகளை எப்படி அனுப்புவேன்? சட்டம் மறந்துவிடலாம். அதற்கு மகள்கள் இல்லை.

தேவதர்ஷினி என்னோடு பேசி நான்கு நாளாகிறது. ஆனாலும் என்னை மீறிப் போக மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

சுப்பிரமணியன்


சான்ட்ரிங்கம்
21 ஜூன் 2025

சுப்பிரமணியன் ஐயாவுக்கு,

உங்கள் முடிவைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்வர்ணாவை நினைத்து இரண்டு நாள் கடையில் மனம் ஓடவில்லை. என் மகளாக இருந்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன். நீங்கள் இரண்டு முறையும் ஆளைப் பற்றி வெளியில் கேட்டதை வைத்து முடிவு எடுத்திருக்கிறீர்கள். முதல் முறை எல்லோரும் நல்லது சொன்னார்கள், நம்பினீர்கள். இம்முறை நான் கெட்டதைச் சொன்னேன், அதையும் நம்பிவிட்டீர்கள். நான் வியாபாரி. அரிசி வாங்கப் போனால் மூட்டை வாயில் தெரிவதைப் பார்த்து விலை பேச மாட்டேன். நடுமூட்டையில் குத்தூசியைப் போட்டு எடுத்துப் பார்ப்பேன். விற்பவன் முகம் சுளித்தால் வாங்கவே மாட்டேன்.

சனிக்கிழமை எங்கள் கடைக்கு மீன் வரும். யசீகரன் வாரம் முழுக்க ஒபிசில் இருந்தாலும் அன்று என்னோடு கடையில் நிற்பான். மனிதனுக்குக் கோபம் வரக்கூடிய எல்லாமும் அன்றைக்கு அங்கே நடக்கும். லொறி பிந்தி வரும், கார்ட் மெசின் வேலை செய்யாது, வரிசையில் நிற்பவர்கள் ஆளையாள் இடிப்பார்கள். வந்து ஒரு மூலையில் இருந்து பாருங்கள். நீங்கள் வரக்கூடும் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்துச் சோதிப்பது எனக்குச் சரிவராது. ஒரு சனிக்கிழமை நடிக்கலாம். வாராவாரம், மீன் நாற்றத்தோடு, ஒருவராலும் நடிக்க முடியாது.

அவனுக்குக் கோபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது.

ஸ்வர்ணாவுக்கு மனம் இருந்தால் கூட்டி வாருங்கள். கட்டாயம் இல்லை. அவ என் பக்கத்தில் கல்லாவில் இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அவ வேண்டாம் என்று சொன்னால், இதே பேனையால் நானும் வேண்டாம் என்று எழுதித் தருவேன்.

வராவிட்டாலும் கோபமில்லை. தேவதர்ஷினியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

புஷ்பவதி


ஆல்பனி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள புஷ்பவதி அம்மாளுக்கு,

நேற்று கடையில் சத்தம் வந்தபோது நீங்கள் லாரிக்காரரோடு வெளியே நின்றிருந்தீர்கள். உள்ளே நடந்ததை முழுவதும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கூப்பிட்டபடி நாங்கள் வரத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, ஸ்வர்ணா கடைக் கதவை விட்டு நகரவே இல்லை. நான் போகலாம் என்றதும் காரில் ஏறிக்கொண்டாள். அடுத்த வாரம், வர மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். இப்போது உங்கள் தராசு அவள் கையில் இருக்கிறது. உங்கள் பேச்சும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் 'ஆமா'வுக்குப் பதில் 'ஓம்' என்கிறாள், சின்னவள் சிரிக்கிறாள்.

நேற்று ஓர் உணவகக்காரர் முந்தின வாரம் வாங்கிய மீன் கெட்டது என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் ஓங்கி வைத்தார். பெரிய சத்தம். ஐஸ் தெறித்து என் சட்டையெல்லாம் ஈரம். உங்களைக் கள்ளி என்றார். இரண்டு முறை சொன்னார். யசீகரனின் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. நான் இத்தனை வாரம் எதற்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேனோ அது வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

"அண்ணை, அம்மாவை அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார் யசீகரன். "காசைத் திருப்பித் தாறன். இனி இங்க வராதேங்கோ."

காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். பெட்டிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்து, அடுத்தவருக்கு மீன் வெட்டினார்.

அதன் பிறகுதான் எனக்கு ஸ்வர்ணாவின் நினைவே வந்தது. பயந்துகொண்டே திரும்பினேன். அவள் ஒரு கிழவிக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவதர்ஷினியிடம் நாள் பார்க்கச் சொன்னேன். உங்கள் பக்கம் எந்த மாதம் சௌகரியம் என்று எழுதுங்கள். விசா விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை 'ஆம்' என்றே எழுதட்டும். கூட வைக்க வேண்டிய விளக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அந்த மாதிரிக் காகிதம் எனக்குக் கைவந்தது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது, அவர் கையை அடக்கிக்கொண்டதைப் பார்த்ததால் மட்டும் அல்ல. திரும்பி வரும்போது, துறைமுகப் பாலத்தின் மேல், ஸ்வர்ணா ஜன்னல் பக்கம் பார்த்தபடி தானாகவே சொன்னாள்:

"அவருக்கு நல்லாவே கோபம் வந்துச்சுப்பா. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்குப் பயம் வரல."

உங்கள் சம்பந்தி,
சுப்பிரமணியன்