பெட்டிக்குள் அக்காவின் கூரைப்புடவை

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. இட்லி மாவு பொங்கி வழிந்து, கழுவியே காலை போச்சு.

போலீஸ்காரர் ஒருவர் ஐயம்பேட்டையில் என் இட்லிக் கடைக்கே வந்தார். காஞ்சிபுரத்தில், வீடு புகுந்து அடித்துக் கொன்ற சுத்தியல் கும்பலைப் பற்றிக் கண்காட்சியாம். போலீஸ் எப்படித் தேடியது, எப்படிப் பிடித்தது என்று. "செத்தவங்க குடும்பம்னு ஒங்களுக்கு மொத வரிசைல சேர் போட்டிருக்கோம்மா. கண்டிப்பா வரணும்." காதுகுத்துக்கு அழைக்கிற மாதிரி!

போவேன். அக்காவின் கூரைப்புடவைக்காக. அந்தப் புடவையால்தான் அவளைக் கட்டிப்போட்டு அடித்துக் கொன்றார்கள். சாட்சிப் பொருள் என்று போலீஸ் எடுத்தது, வழக்கு முடிந்தும் வரவில்லை. சுமங்கலியைக் கூரைப்புடவை கட்டித்தான் அனுப்புவோம். அவள் ஆஸ்பத்திரித் துணியில் போனாள். அவளை எரித்த இடத்திலேயே அதையும் எரித்துவிட வேண்டும் என்று அக்கா வீட்டுக்காரரான மாமா இன்றைக்கும் கேட்கிறார்.

ஜூலை 10, வியாழன்

காஞ்சிபுரம் போய்வந்தேன்.

வாசலில் கும்பல் தலைவனின் ஆளுயர அட்டைப்படம். அதன் தோளில் கை போட்டு ஜனங்கள் செல்ஃபி. உள்ளே சுத்தியல், மோப்ப நாய் படம், துப்பாக்கி. அப்புறம் கண்ணாடிப் பெட்டி. அக்காவின் அரக்குப் புடவை. பட்டுக்கடை ஒன்று கொடுத்த பொம்மைக்குக் கட்டியிருந்தார்கள். மடிப்பு எடுத்து, முந்தானை விரித்து. பொம்மை கைகூப்பிச் சிரிக்கிறது. உதட்டுச் சாயம் வேறு. தூ!

முந்தானையில் கறுத்த கறை. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அது கண்ணில் படவில்லை. "பார்டர பாருடி, சூப்பரா இருக்குது! கடைல கிடைக்குமா?"

அந்தப் பட்டுக்கடை முதலாளி பின்னாலேயே நின்றார். "அதே மாதிரி ஸ்டாக் வருதும்மா. அடுத்த வாரம் வாங்க."

அதிகாரியிடம் போனேன். "ஐயா, எல்லாம் முடிஞ்சப்புறமாவது புடவய குடுங்க."

"அதான்மா இங்க ஹைலைட்டே! ஊரே வந்து பாத்துக்கினு இருக்குது. பெருமைப்படுங்க."

பொன்னாடை போர்த்தினார். நானும் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன்? என்மேலேயே அருவருப்பு.

வாங்க வேண்டியது: உளுந்து, வரமிளகாய். கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 18, வெள்ளி

மழை. வியாபாரம் மந்தம்.

பட்டுக்கடை முதலாளி காரில் வந்து இறங்கினார். கையில் பை. அதே அரக்கு, அதே கரை. "மியூசியம் புடவைன்னு பேரு வெச்சிட்டோம்மா. கேட்டுக்கினே இருக்காங்க. மொத புடவ ஒங்களுக்கு. சுத்தப் பட்டு."

மூஞ்சியில் வீசக் கை ஓங்கிவிட்டேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா எழுந்துவந்து வாங்கிக்கொண்டார். மடியில் வைத்துத் தடவினார்.

"அது வராதும்மா. இதயாவது அவளுக்கு அனுப்பிடலாம்."

எழுபது வயது மனுஷன் கெஞ்சுகிறார். சரி என்றேன்.

ஜூலை 19, சனி

கடைக்கு லீவு. காலையிலேயே மாமாவும் நானும் சுடுகாடு. பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்றார்கள். போங்கடா.

மாமா கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். பட்டு எரிந்தால் முடி கருகுகிற வாடை வரும், தொட்டால் சாம்பல் பொடியாகும். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது சுருண்டது, உருகிச் சொட்டியது. பிளாஸ்டிக் நாற்றம்.

"மாமா, இது பட்டே..."

"சொல்லாதம்மா. அவளுக்குக் கேக்கும்."

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அணைகிறவரை நின்றார். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றியும் கையில் அந்த நாற்றம்.

மணி பத்து. காஞ்சிபுரத்தில் கண்காட்சிக் கதவைத் திறந்திருப்பார்கள்.