மானுக்கு மேலே விட்ட வானம்

அச்சகத்திலிருந்து நம் புதுப் புத்தகத்தின் மாதிரி அட்டை வந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் மை மணம் குப்பென்று அடித்தது. உன்னுடைய கடைசிக் கதையடி. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் புள்ளிமான், பின்னால் நம் பஸ் நிலையம், மேலே வெறும் நீலவானம். "பேர் போட மறந்திட்டீங்களோ? பின்னேரத்துக்குள்ள சொல்லாட்டி 'மானின் கதை' எண்டு நாங்களே போட்டிடுவம்" என்றார் அச்சகக்காரர் போனில்.

மறக்கவில்லை. அந்த இடம் உனக்காக விட்டது. எந்த அட்டையை வரைந்தாலும் வானத்தை வெறுமையாக விடுவேன். நீ பெயரோடு வந்து நிரப்புவாய். சொல்லை வைத்து விளையாட எனக்கு என்றைக்குமே வராது.

மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம்தான் பெயரைச் சொல்லிப் பார்ப்பாய். "பெரிய ஆக்கள் சிரிச்சா அது பகிடி. பிள்ளையள் திருப்பிச் சொன்னாத்தான் அது பேர்" என்பாய். 'கடலை கொறித்த காகம்' என்று நீ சொன்ன அன்று, அவித்த கடலைச் சுருளோடு ஒரு காகத்தை நான் வரைந்து வைத்திருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப கப்பலெல்லாம் எங்க போறது?" என்று கேட்டது. படகு புறப்பட்ட பிறகும் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே போனார்கள். நான் வீட்டுக்கு வந்து சுருளுக்குள் திருகோணமலைக் கடலையே வரைந்தேன்.

நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், "மானுக்கு ஒரு பேர் வருது, பொறு" என்றாய். பொறுத்தேன். நீ வரவில்லை.

இன்று நானே இறங்குதுறைக்குப் போனேன். அட்டையைப் பிடித்துக்கொண்டு, 'மானே மானமே' என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. 'மான் வருமானம்' என்றேன். ஒரு சிறுமி என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"மற்ற அன்ரி வரேல்லையோ?"

"படகு வந்திட்டுது, ஓடிப்போய் ஏறுங்கோ" என்றேன். படகு போன பிறகும் அங்கேயே நின்று அழுதேன், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க.

பின்னேரம் அச்சகத்துக்குப் போன் எடுத்து, "மானின் கதை எண்டே போடுங்கோ" என்றேன். நீ இருந்தால் ஒரு மாதம் என்னோடு கதைத்திருக்க மாட்டாய். கதைக்காவிட்டாலும் பரவாயில்லையடி, இருந்திருக்கலாம்.

மனம் கேட்காமல் புதிய தாள் ஒன்றை எடுத்தேன். கை தன்பாட்டில் மேலே வானத்தை விட்டுவிட்டுக் கீழேதான் வரையத் தொடங்கியது.