உரிக்காத இறால்

ஞாயிறு, இரவு

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் என்னைத் திருப்பி அனுப்பிய காப்பீட்டு கவுண்டர்காரன், இன்று காலை பழவேற்காட்டில் என் இறால் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கா மறக்கும்?

இப்போதெல்லாம் காப்பீட்டு அட்டை மட்டும் போதாதாம், கைரேகையும் விழ வேண்டுமாம். இத்தனை வருஷம் இறால் உரித்து என் விரலெல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. மெஷின் எந்த விரலையும் ஏற்கவில்லை. "ரேகையே இல்ல, நீ நீதான்னு எவன் நம்புவான்?" என்று வரிசையே சிரிக்கும்படி கேட்டான். என் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் அத்தோடு நின்றது.

இன்று பல்லை இளித்துக்கொண்டு, "யக்கா, நல்ல எறாவா பாத்து உரிச்சிக் குடு" என்றான்.

வாங்குகிறவர்களுக்கு உரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். நான் விரல்களை அவன் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

"உரிச்சா ரேகை பூடும் சார். நீயே உரிச்சிக்கோ. அப்பால உன் மெஷின்ல கைய வெச்சிப் பாரு."

அவன் முகம் செத்துப்போனது. பக்கத்துக் கூடைகளுக்குப் போனான். நான் அங்கே விற்கிற பெண்களுக்குக் கண்ணைக் காட்டினேன். ஒருத்தியும் உரித்துத் தரவில்லை. உரிக்காததை வாங்க மனமில்லாமல் வெறும் பையோடு போனான்.

கட்டி அப்படியே இருக்கிறது. இப்போதும் வலிக்கிறது.

வரட்டும், அடுத்த ஞாயிறும் வரட்டும்.